தினமும் வேதம் வாசித்து ஜெபிக்கத் தொடங்குவோருக்கு: படிப்படியான முழு வழிகாட்டி

சபையின் முழு உறுப்பினராவதற்கான திடப்படுத்தல் வகுப்பை முடித்துவிட்டு, இனி தனியாக வாசிக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆண்டுதோறும் ஜனவரியில் வேதத்தைத் திறந்து மார்ச்சுக்குள் மூடிவிடுகிறவர்களுக்கும் இது உதவும். வேதபாடக் குழுவில் இந்த இரு தரப்பினரோடும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆர்வம் அவர்களிடம் நிறையவே இருக்கிறது. வரிசைதான் மாறிப்போகிறது.

பலர் ஜெபத்தை முதலில் வைக்கிறார்கள். மனத்தில் இருக்கிற கவலைகளையெல்லாம் கொட்டிவிட்டு, மீதி நேரத்தில் வேதத்தைப் புரட்டுகிறார்கள். மீதி நேரம் என்று ஒன்று பெரும்பாலும் இருப்பதில்லை. இங்கே சொல்லும் முறையில் வாசிப்பு முதலில் வரும். வாசித்ததற்கு மறுமொழியாக ஜெபம் வரும். ஆண்டவர் பேசியதைக் கேட்டுவிட்டுப் பேசுகிறவனுடைய ஜெபம், தன் கவலையை மட்டும் சுற்றிச் சுற்றி வராது. எல்லாப் படிகளும் இந்த ஒழுங்கைக் காப்பதற்காகவே அடுக்கப்பட்டிருக்கின்றன. முதல் மாதமாவது வரிசையை மாற்ற வேண்டாம்.

1. முந்தைய இரவே எடுத்து வைக்க வேண்டியவை

அச்சிட்ட வேதாகமம் ஒன்று, கோடு போட்ட நோட்டு ஒன்று, பேனா ஒன்று. இவ்வளவு போதும். விளக்கவுரை நூல்களை இப்போது வாங்க வேண்டாம். அவை கையில் இருந்தால் வசனத்தை யோசிப்பதற்கு முன்பே பதிலைப் புரட்டிப் பார்க்கத் தோன்றும்.

எந்த மொழிபெயர்ப்பு என்ற கேள்வி உடனே வரும். சீர்திருத்தச் (புராட்டஸ்டண்ட்) சபைகளில் ஆராதனையில் வாசிக்கப்படும் பழைய பதிப்பையே முதன்மையாக வைத்துக்கொள்வது நல்லது. ஞாயிறு காதில் விழும் வசனமும் வீட்டில் வாசிக்கும் வசனமும் ஒன்றாக இருந்தால் மனத்தில் தங்கும். அந்தத் தமிழ் கடினமாக இருந்தால், எளிய நடையில் உள்ள ஒரு பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புரியாத பகுதிக்கு மட்டும் பாருங்கள். கத்தோலிக்கர்களுக்கு 1995இல் வெளிவந்த திருவிவிலியம் இருக்கிறது. அதில் 73 நூல்கள், சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் 66. தினம் ஒரு பதிப்பாக மாற்றிக்கொண்டே இருந்தால் எதுவும் மனப்பாடமாகாது.

கைபேசியில் வாசிக்கலாமா? வேறு வழியில்லாவிட்டால் வாசிக்கலாம். ஆனால் இணையத்தைத் துண்டித்துவிட்டு வாசியுங்கள். வசனத்தின் நடுவில் மேலே ஒரு செய்தி வந்து நின்றால், அன்றைய வாசிப்பு அங்கேயே முடிந்துவிடுகிறது என்பதைப் பலரிடம் பார்த்துவிட்டேன்.

இடமும் முந்தைய இரவே முடிவாகிவிட வேண்டும். அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபம் செய்யச் சொல்கிறது மத்தேயு 6:6 (ஆறாம் அதிகாரம், ஆறாம் வசனம்). நம் வீடுகளில் பலருக்குத் தனி அறை கிடையாது. சமையலறையின் ஒரு மூலை, மொட்டை மாடிப் படிக்கட்டு, எல்லாரும் எழுவதற்கு முந்தைய கூடம், எதுவானாலும் சரி. தினமும் அதே இடமாக இருக்கட்டும். இடம் மாறிக்கொண்டே இருந்தால், உட்கார்ந்த முதல் ஐந்து நிமிடம் புது இடத்துக்குப் பழகுவதிலேயே போய்விடும்.

2. நேரத்தைக் குறித்தல்

"அதிகாலை நான்கு மணிக்கு எழுந்தால்தான் ஜெபம்" என்று ஒரு எண்ணம் நம் சபைகளில் வேரூன்றியிருக்கிறது. இயேசு இருட்டோடே எழுந்து ஜெபிக்கப் போனார் என்பது மாற்கு 1:35இல் இருக்கிறது, உண்மைதான். மலையின்மேல் இரவு முழுவதும் ஜெபித்தார் என்று லூக்கா 6:12 சொல்கிறது. தானியேல் நாளுக்கு மூன்று வேளை ஜெபித்தார் (தானியேல் 6:10). கட்டாயமான ஒரே வேளை என்று வேதம் எதையும் விதிக்கவில்லை.

ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு வேலைக்கு அடுத்தபடியாக உங்கள் நேரத்தை வையுங்கள். பல் துலக்கிய பிறகு, காலைக் காபிக்கு முன்பு என்பதுபோல. மணியைக் குறித்தால், ஒரு நாள் தாமதமாக எழுந்ததும் "இன்றைக்குப் போயிற்று" என்று விட்டுவிடுவோம். வேலையோடு இணைத்துவிட்டால் அந்த வேலை எப்போது நடந்தாலும் அடுத்தது இதுதான்.

இரவுப் பணிக்குப் போகும் செவிலியரும் காவலாளியும் காலையைப் பற்றிக் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை. அவர்களுடைய காலை மாலையில்தான் தொடங்குகிறது.

அளவு பதினைந்து நிமிடம். எட்டு வாசிப்புக்கு, இரண்டு எழுதுவதற்கு, ஐந்து ஜெபத்துக்கு. ஆரம்பத்திலேயே ஒரு மணி நேரம் என்று தீர்மானிக்கிறவர்களைத் தடுத்து நிறுத்துவதுதான் எனக்குப் பெரிய வேலையாக இருக்கிறது. எழுப்புதல் கூட்டத்தில் எடுத்த தீர்மானம் அந்த வாரத்தோடு கரைந்துவிடும். பதினைந்து நிமிடம் பழகிய பிறகு நேரம் தானாகவே நீளும்.

3. எந்தப் புத்தகத்தில் தொடங்குவது

மாற்கு சுவிசேஷம். மொத்தம் 16 அதிகாரங்கள். நான்கு சுவிசேஷங்களில் மிகச் சிறியது. நாளுக்கு அரை அதிகாரம் என்று வைத்தால் ஏறக்குறைய ஒரு மாதம். சம்பவங்கள் வேகமாக நகரும், நீண்ட உரைகள் குறைவு. இயேசு யார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வேறு எங்கே தொடங்கினாலும் பாதி வழியில் கேள்வி திரும்ப இங்கேதான் வந்து நிற்கும்.

ஆதியாகமத்தில் ஏன் தொடங்கக் கூடாது? கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். முழு வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். ஓராண்டில் முடிக்க நாளுக்கு மூன்றுக்குச் சற்று மேல் வாசிக்க வேண்டும். ஜனவரி 1இல் தொடங்கி நாளுக்கு மூன்று வாசித்தால், ஆதியாகமத்தின் 50 அதிகாரங்கள் ஜனவரி 17இல் முடியும். யாத்திராகமம் 20 வரை கதை ஓடும். ஜனவரி 25இல் ஆசரிப்புக் கூடாரம் என்ற வழிபாட்டுக் கூடாரத்தின் அளவுகள் தொடங்கும்: எத்தனை முழம், எத்தனை பலகை, எத்தனை கொக்கி. ஜனவரி 31இல் லேவியராகமம். சர்வாங்க தகனபலி, போஜனபலி, பாவநிவாரண பலி என்று வரிசையாக வரும்போது, யாரும் விளக்கிச் சொல்லாத ஒருவர் பிப்ரவரி முதல் வாரத்தில் நின்றுபோவதில் ஆச்சரியம் இல்லை. லேவியராகமம் மோசமான புத்தகம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதைப் புரிந்துகொள்ள முதலில் வேறு சிலவற்றை வாசித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னும் இரண்டு பழக்கங்களைத் தொடக்கத்திலேயே விட்டுவிட வேண்டும்.

ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தைத் திறந்து விரல் பட்ட வசனத்தை அன்றைய செய்தியாக எடுப்பது. அப்படிச் செய்தால் எந்த நிருபத்தின் (கடிதத்தின்) வாதத்தையும் எந்தத் தீர்க்கதரிசியின் கவலையையும் முழுமையாக அறியவே மாட்டோம்.

இரண்டாவது, ஆண்டுக்கான வாக்குறுதியாக ஒரே ஒரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையோடு நிறுத்திக்கொள்வது. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தட்டிலிருந்து எடுத்த அட்டை ஆண்டு முழுவதும் வேதாகமத்துக்குள்ளேயே இருக்கும். அந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்திருக்க மாட்டோம். எரேமியா 29:11 அப்படிப்பட்ட அட்டைகளில் அடிக்கடி வருவது. உங்களைக் குறித்து நான் கொண்டிருக்கும் நினைவுகள் சமாதானத்துக்கானவை என்று கர்த்தர் சொல்லும் இடம். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தின் ஒரு வரி. அதற்கு முந்தைய வசனம் எழுபது வருஷம் என்கிறது. ஐந்தாம் வசனம் அங்கேயே வீடு கட்டிக் குடியிருக்கச் சொல்கிறது. அந்தக் கடிதத்தைப் பெற்ற பெரியவர்களில் பலர் திரும்பி வருவதைப் பார்த்திருக்க முடியாது. இதைத் தெரிந்துகொண்டு வாசித்தால் அந்த வசனத்தின் ஆறுதல் குறைவதில்லை, ஆழமாகிறது. அடுத்த மாதமே வேலை கிடைத்துவிடும் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு பிறகு சோர்ந்துபோகவும் மாட்டோம்.

4. வாசிப்பதற்கு முன் ஒரு வரி ஜெபம்

ஒரு வரி போதும். சங்கீதம் 119:18 இதற்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது: "உமது வேதத்திலுள்ள அதிசயங்களை நான் பார்க்கும்படிக்கு, என் கண்களைத் திறந்தருளும்." இந்த இடத்தில் விண்ணப்பங்களைத் தொடங்கிவிடாதீர்கள். தொடங்கினால் பழைய வரிசைக்கே திரும்பிவிடுவோம். அவசரமான கவலை ஒன்று மனத்தை அரித்தால், நோட்டின் ஓரத்தில் ஒரு சொல்லில் குறித்து வைத்துவிட்டு வாசிப்புக்கு வாருங்கள். அதற்கான நேரம் பின்னால் இருக்கிறது.

5. இரண்டு முறை வாசித்தல்

முதல் முறை நிறுத்தாமல் வாசியுங்கள். புரியாத சொல்லில் நிற்க வேண்டாம். இரண்டாவது முறை வாய்விட்டு, மெதுவாக. வீட்டில் மற்றவர்கள் தூங்கினால் உதடு அசையும் அளவுக்காவது. கண்ணால் மட்டும் ஓடும்போது தெரிந்த கதையைத் தாண்டிக்கொண்டே போய்விடுவோம்; வாயால் சொல்லும்போது ஒவ்வொரு சொல்லிலும் நின்றுதான் ஆக வேண்டும். சிறுவயதிலிருந்தே ஓய்வுநாள் பள்ளியில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் அவசியம். "இது தெரிந்த கதைதானே" என்பதுதான் அவர்களுடைய பெரிய இடைஞ்சல்.

அதிகார எண்ணைக் கண்டு அங்கேயே வெட்டிவிடாதீர்கள். அதிகாரப் பிரிவும் வசன எண்களும் மூலத்தில் இல்லாதவை, பல நூற்றாண்டுகளுக்குப் பின் சேர்க்கப்பட்டவை. சில இடங்களில் அவை பேச்சின் நடுவே விழுகின்றன. சிலுவையைச் சுமப்பதைப் பற்றி மாற்கு 8:34இல் தொடங்கும் பேச்சு 9:1இல்தான் முடிகிறது. பாடுபடும் தாசனைப் பற்றிய பாடல் ஏசாயா 53இல் தொடங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது 52:13இலேயே தொடங்கிவிடுகிறது. சம்பவம் எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்துங்கள்.

புரியாத சொற்களை இரண்டாவது வாசிப்பில் அடிக்கோடிடலாம். ஆயக்காரர் என்றால் வரி வசூலிப்பவர், நூற்றுக்கு அதிபதி என்றால் நூறு வீரர்களுக்குத் தலைவர். இப்படிப்பட்டவை ஓர் இருபது முப்பதுதான் சுவிசேஷங்களில் திரும்பத் திரும்ப வரும். ஒரு மாதத்தில் பழகிவிடும்.

6. கவனித்தல்

புதியவர்கள் மிக அதிகமாகத் தாண்டிப்போகும் படி இது. வாசித்த உடனேயே "இதில் எனக்கு என்ன?" என்று கேட்டுவிடுகிறார்கள். அந்தக் கேள்வி சரிதான், நேரம்தான் தவறு. முதலில் அங்கே என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். பார்க்காமல் பொருத்தினால், எந்த வேதபகுதியை எடுத்தாலும் நமக்கு ஏற்கெனவே தெரிந்த நான்கு பாடங்களே திரும்பத் திரும்ப வரும்: ஜெபி, விசுவாசி, பயப்படாதே, மன்னி.

கேட்க வேண்டியவை எளிய கேள்விகள். யார் பேசுகிறார்? யாரிடம்? எப்போது, எங்கே? எந்தச் சொல் திரும்ப வருகிறது? எதிர்பாராதது எது? இதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது?

மாற்கு 4:35-41ஐ எடுத்துச் செய்து பார்க்கலாம். இயேசு புயலை அடக்கிய சம்பவம். இதிலிருந்து "நம் வாழ்க்கைப் புயலை இயேசு அடக்குவார்" என்ற ஒரே பாடத்தைத்தான் பெரும்பாலும் எடுக்கிறோம். மெதுவாகப் பாருங்கள்.

சாயங்கால வேளை. "அக்கரைக்குப் போவோம் வாருங்கள்" என்று சொன்னவர் இயேசுதான். அவர் சொல்லுக்குக் கீழ்ப்படிந்து போனபோதுதான் சுழல்காற்று வந்தது. கீழ்ப்படியாமையினால்தான் கஷ்டம் வருகிறது என்று பேசுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. இந்த வசனத்துக்கு முன்னால் அது நிற்காது.

அடுத்து, அவரோடு வேறே படவுகளும் இருந்தன என்று 36ஆம் வசனம் சொல்கிறது. அந்தப் படகுகளில் இருந்தவர்களுக்கு அவர் யார் என்று தெரிந்திருந்ததா என்பதைப் பற்றி மாற்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கடல் அமைதியானபோது அவர்களும் பிழைத்தார்கள்.

சீஷர்களில் நால்வர் அதே கடலில் தொழில் செய்த மீனவர்கள் (1:16-20). காற்றைப் பற்றித் தெரியாதவர்கள் பயந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. தெரிந்தவர்களே பயப்படும் அளவுக்கு இருந்தது. இயேசுவோ தலையணை வைத்துத் தூங்குகிறார். தலையணையைக் குறிப்பிடுவது மாற்கு மட்டும்தான்.

அவர்கள் சொன்னதைக் கவனியுங்கள்: "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா." இது பணிவான ஜெபம் இல்லை. குற்றச்சாட்டு. அப்படியிருந்தும் அவர் எழுந்து முதலில் காற்றை அதட்டுகிறார். அவர்களிடம் கேள்வி கேட்பது அதற்குப் பிறகுதான்.

கடைசியாக, எதிர்பாராத இடம். கடல் அமைதியான பிறகுதான் "மிகவும் பயந்து" என்று வருகிறது. சம்பவம் நிம்மதியில் முடியவில்லை, "இவர் யாரோ?" என்ற கேள்வியில் முடிகிறது. அடுத்த அதிகாரத்தைப் புரட்டினால், அவர்கள் அத்தனை பாடுபட்டுக் கடந்தது கல்லறைகளில் குடியிருந்த ஒரே ஒரு மனிதனிடம் போய்ச் சேர்வதற்கு என்று தெரியும்.

இவ்வளவும் பகுதியிலேயே இருக்கிறது. விளக்கவுரை எதுவும் தேவைப்படவில்லை, எட்டு நிமிடம் போதும். தினமும் இத்தனை கிடைக்காது. ஒன்று கிடைத்தாலும் அந்த நாளுக்கு அது போதும்.

7. மூன்று வரி எழுதுதல்

தேதியும் வேதபகுதியும் மேலே. முதல் வரியில் நீங்கள் பார்த்த ஒன்று. இரண்டாவது வரியில் அது ஆண்டவரைப் பற்றி என்ன சொல்கிறது. மூன்றாவது வரியில் புரியாத கேள்வி, அல்லது இன்று செய்ய வேண்டிய ஒன்று.

எழுதுவதற்குக் காரணம் உண்டு. புரிந்துவிட்டது என்று நினைப்பதை எழுத முயலும்போதுதான் புரியவில்லை என்று தெரியும். மூன்று வரிக்கு மேல் வேண்டாம். பிரசங்கக் குறிப்புபோல அழகாக எழுதத் தொடங்கினால், மனத்தில் ஒரு வாசகர் வந்து உட்கார்ந்துவிடுவார்; பிறகு அவருக்காகத்தான் வாசிப்போம். முகநூலில் போடுவதற்காகத் தியானம் எழுதுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

செய்ய வேண்டிய ஒன்று சிறியதாகவும் அன்றே முடிவதாகவும் இருக்கட்டும். "இனி எல்லாரையும் நேசிப்பேன்" என்று எழுதினால் மாலையில் அதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. "அண்ணனுக்குப் போன் பேசுவேன்" என்றால் பேசினோமா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

8. வாசித்ததிலிருந்து ஜெபித்தல்

இப்போது ஜெபம். முதல் வாக்கியம் அன்று வாசித்ததிலிருந்து வரட்டும். மேலே பார்த்த பகுதியிலிருந்து இப்படி வரலாம்:

"ஆண்டவரே, நீர் சொன்ன வழியில் போகும்போதும் காற்று எழும்பும் என்று இன்று பார்த்தேன். அப்பாவின் சிகிச்சைச் செலவை நினைத்து, உமக்குக் கவலையில்லையா என்று நானும் கேட்டிருக்கிறேன். அப்படிக் கேட்டவர்களை நீர் தள்ளிவிடவில்லை. என்னையும் தள்ளிவிடாதேயும். என்னோடு இதே கஷ்டத்தில் இருக்கிற பக்கத்துக் கட்டில்காரருக்கும் இரங்கும்."

பாருங்கள், கவலை ஜெபத்துக்குள் வந்துவிட்டது. ஆனால் வேதபகுதி திறந்துவிட்ட வழியாக வந்திருக்கிறது. கூடவே இன்னொருவரும் வந்துவிட்டார். வெறும் பட்டியலாக ஜெபித்திருந்தால் அவர் நினைவுக்கு வந்திருக்க மாட்டார்.

அதன் பிறகு எப்படிப் போவது என்று தெரியாதவர்களுக்குக் கர்த்தர் கற்பித்த ஜெபத்தின் ஒழுங்கு உண்டு (மத்தேயு 6:9-13). அதை ஒப்புவிப்பதோடு நில்லாமல், வரிக்கு வரி நின்று சொந்த வார்த்தைகளில் ஜெபிக்கலாம். அங்கே வரிசை என்னவென்று பாருங்கள். அவருடைய நாமம், ராஜ்யம், சித்தம் ஆகிய மூன்றும் முதலில். ஆகாரம், மன்னிப்பு, சோதனையிலிருந்து காப்பு ஆகியவை பிறகு. நாம் வழக்கமாகத் தொடங்குவது ஆகாரத்தில். மற்றொன்று, அந்த ஜெபம் முழுவதும் "எங்கள்", "எங்களுக்கு" என்றே போகிறது.

பாவ அறிக்கையில் பொதுவாகப் பேச வேண்டாம். "நான் பாவி" என்பது எளிது. "நேற்று கணக்கில் இருநூறு ரூபாயைக் கூட்டி எழுதினேன்" என்பது கடினம், ஆனால் அதுதான் அறிக்கை. யாரோடாவது மனக்கசப்பு இருப்பது நினைவுக்கு வந்தால், முதலில் போய் ஒப்புரவாகச் சொல்கிறது மத்தேயு 5:23-24. அந்த ஒன்றை மட்டும் ஜெபத்தால் ஈடுசெய்துவிட முடியாது.

மற்றவர்களுக்கான ஜெபத்தைக் கிழமைகளில் பிரித்துக்கொள்ளுங்கள். திங்கள் குடும்பம், செவ்வாய் உடன் வேலை செய்பவர்கள், புதன் நோயாளிகள், வியாழன் சபையும் போதகரும், வெள்ளி ஊரும் நாடும், சனி நமக்குப் பிடிக்காதவர்கள். எல்லாரையும் தினமும் ஜெபிக்க முயன்றால் பெயர்களை வேகமாக உச்சரித்துவிட்டு எழுந்துவிடுவோம். நோட்டின் பின்பக்கத்தில் விண்ணப்பத்தின் தேதியையும் பதில் வந்த தேதியையும் குறித்து வையுங்கள். கேட்டபடி நடக்காததையும் குறியுங்கள். தம் மாம்சத்தில் இருந்த முள் என்று தாம் சொன்ன உபத்திரவம் நீங்கும்படி அப்போஸ்தலர் பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டார், அது நீங்கவில்லை; வேறொரு பதில் வந்தது (2 கொரிந்தியர் 12:7-9). நடந்ததை மட்டும் சாட்சி சொல்லி, நடக்காததை மறைத்துவிடும் பழக்கம் நாளடைவில் ஜெபத்தையே பொய்யாக்கிவிடும்.

இங்கே நேரும் பிழைகள் சில. போதகரின் குரலிலும் அவருடைய சொற்களிலும் ஜெபிப்பது. மூச்சு விடும் இடமெல்லாம் "ஸ்தோத்திரம்" என்று நிரப்புவது. இதைத் தந்தால் அதைச் செய்வேன் என்று பேரம் பேசிப் பொருத்தனை (நேர்த்திக்கடன்) பண்ணுவது. நிறைவேற்றாத பொருத்தனையைவிடப் பண்ணாமல் இருப்பதே மேல் என்று பிரசங்கி 5:5 சொல்லியிருக்கிறது. வீட்டில் நீங்கள் பேசும் தமிழிலேயே ஜெபியுங்கள்.

முடிக்கும்போது ஒரு நிமிடம் எதுவும் பேசாமல் இருங்கள். ஆரம்பத்தில் மனம் காய்கறி வாங்கப் போய்விடும். பரவாயில்லை.

9. வார்த்தை வராத நாட்களில்

துக்கத்திலும் களைப்பிலும் கோபத்திலும் சொந்தமாக ஜெபிக்க வராது. அதற்குத்தான் சங்கீதங்கள். 150 இருந்தாலும் எது எதற்கு என்று தெரிந்தால்தான் அந்த நேரத்தில் கை போகும். ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு சிறு பட்டியல் எழுதி வைத்துவிடுங்கள்.

காத்திருந்து சலித்தவருக்கு 13. ஆறே வசனங்கள், "எதுவரைக்கும்" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது. குற்றவுணர்வுக்கு 51. உள்ளுக்குள் கலங்கினால் 42. நன்றி சொல்லச் சொல் கிடைக்காவிட்டால் 103. எந்த ஆறுதலும் பிடிக்காத நாளில் 88. அது இருளிலேயே முடிகிறது, கடைசியில்கூட ஒரு நம்பிக்கை வரி கிடையாது. அப்படியொரு ஜெபம் வேதத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதை அறியாமல், துக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டு சந்தோஷமாக இருக்க முயன்று தோற்கிறவர்கள் உண்டு.

வாரக்கணக்கில் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் ஜெபத்தைக் கூட்டிக்கொண்டே போவது மட்டும் தீர்வு ஆகாது. மருத்துவரைப் பாருங்கள். வாசித்த ஒரு வசனத்தை ஆதாரமாகக் கொண்டு மாத்திரையை நிறுத்தவே கூடாது. யாராவது அப்படிச் சொன்னால், அவர் எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும், கேட்க வேண்டியதில்லை.

10. நாள் தவறினால்

தவறும். விட்ட நாளின் பகுதியையும் சேர்த்து வாசிக்க முயல வேண்டாம். மூன்று நாள் பாக்கி ஐந்து நாளாகும், ஐந்து நாள் கடனைக் கண்டதும் புத்தகத்தையே தூரமாக வைத்துவிடுவோம். எங்கே விட்டீர்களோ அங்கேயே இன்றைய பங்கைத் தொடருங்கள். அட்டவணையில் கட்டம் போட்டு நிரப்புகிறவர்களுக்குக் காலிக் கட்டம் உறுத்தும். அப்படிப்பட்டவர்கள் தேதி இல்லாத அட்டவணை வைத்துக்கொள்வது மேல்.

வாரம் ஐந்து நாள் என்று திட்டமிடுவதில் ஒரு வசதி உண்டு. புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு ஐந்தாக 52 வாரம் வாசித்தால் சரியாக ஓராண்டில் முடிகிறது. தவறுவதற்கென்றே இரண்டு நாள் கையில் இருக்கிறது.

11. குடும்ப ஜெபத்தோடும் சபையோடும் சேர்த்தல்

தனிஜெபம் செய்கிறேன் என்று குடும்ப ஜெபத்தை விட்டுவிடக் கூடாது. இதைச் செய்ததால் அதுவும் முடிந்துவிட்டது என்றும் நினைக்கக் கூடாது. காலையில் நீங்கள் பார்த்த ஒன்றை இரவுக் குடும்ப ஜெபத்தில் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் "என்ன பாடம் கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டால் அவர்கள் நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிட்டுத் தப்பிவிடுவார்கள். "படகில் தலையணை எங்கேயிருந்து வந்திருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரு பாட்டு, ஒரு சம்பவம், ஆளுக்கொரு வாக்கிய ஜெபம், பத்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். தூங்கி விழும் பிள்ளையைத் தட்டி எழுப்பி நீண்ட ஜெபம் கேட்கவைப்பது, பின்னாளில் அது ஜெபத்தைவிட்டே ஓடுவதற்குப் போதுமான காரணம்.

நோட்டில் எழுதிய புரியாத கேள்விகளை வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சில அடுத்தடுத்த வாசிப்பிலேயே தீர்ந்திருக்கும். மீதியை ஆயரிடமோ வேதபாடக் குழுவிலோ கேளுங்கள். தனியாகவே வாசித்துத் தனியாகவே அர்த்தம் பண்ணிக்கொண்டு போகிறவர், "எனக்கு மட்டும் ஆண்டவர் இதை வெளிப்படுத்தினார்" என்று சொல்லத் தொடங்கும்போது பயந்தே ஆக வேண்டும். அந்தக் கட்டத்தில் அவரைத் திருத்த அருகில் யாரும் இருப்பதில்லை.

12. மாற்கு முடிந்த பிறகு

அடுத்துப் பிலிப்பியர், நான்கே அதிகாரங்கள். வீட்டுச் சுவர்களில் தொங்கும் "எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற 4:13 வசனத்தை, பட்டினியையும் குறைவையும் பற்றிப் பேசும் 4:11-12க்குப் பின்னால் வைத்து வாசிக்க வாய்ப்புக் கிடைக்கும். பிறகு லூக்காவையும் அப்போஸ்தலருடைய நடபடிகளையும் அடுத்தடுத்து வாசியுங்கள். இரண்டும் தெயோப்பிலு என்ற ஒரே ஆளுக்கு எழுதப்பட்டவை, ஒன்றின் தொடர்ச்சி மற்றொன்று. அதன்பின் ஆதியாகமம், யாத்திராகமத்தின் முதல் 20 அதிகாரங்கள், அப்புறம் யோவான். நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள் இருப்பதால் தேதிக்கு ஒன்றாக வாசிக்கலாம் என்பார்கள். எனக்கு அது அவ்வளவு பிடிப்பதில்லை. ஒரு அதிகாரத்தில் ஏறக்குறைய முப்பது தனித்தனி வாக்கியங்களை ஒரே நாளில் விழுங்கினால் எதுவும் தங்காது. ஐந்து ஐந்தாக எடுப்பது மேல்.

முழு வேதாகமத்துக்கான திட்டம் இந்த வட்டம் முடிந்த பிறகுதான். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரப் போதகர் ராபர்ட் மர்ரே மெக்செயின் 1842இல் தம் சபையாருக்காக வகுத்த அட்டவணை இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. ஓராண்டில் பழைய ஏற்பாட்டை ஒருமுறையும், புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் இருமுறையும் முடிக்கும் திட்டம் அது. நாளுக்கு ஏறக்குறைய நான்கு அதிகாரங்கள் வரும். வேலைக்குப் போகிறவர்கள் அதை இரண்டு ஆண்டுகளாகப் பிரித்துக்கொள்ளலாம். நாளுக்கு இரண்டு அதிகாரம் ஆகும்.

எந்தத் திட்டத்தில் போனாலும் லேவியராகமத்தைத் திறக்கும் வாரத்தில், முதல் நாள் அதை வாசிக்காமல் எபிரெயர் 9, 10 அதிகாரங்களை வாசித்துவிடுங்கள். அடுத்த நாள் லேவியராகமம் 16, மகா பாவநிவாரண நாள். இந்த மூன்றையும் பார்த்துவிட்டு முதல் அதிகாரத்துக்கு வந்தால் பலிகளின் பட்டியல் எதை நோக்கிப் போகிறது என்று தெரிந்திருக்கும். நாளுக்கு இரண்டு அதிகாரமாக இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம்.